பயன்பெறும் உரிமையாளர்

உள்ளகப் பயிலுநர் என்று அட்டையில் அச்சிட்டார்கள்.
உள்ளே இருக்கிறேன் என்பதற்கு
அந்த அட்டை ஒன்றுதான் சாட்சி.
ஆறு மாதம். சம்பளம் கிடையாது.
"பயணப்படி தருவோம்" என்றார் டில்ருக்‌ஷி.
அது 138இல் கிருலப்பனை வந்து போகவும்
மழை நாளில் ஒரு பிளேன்டீக்கும் சரி.

அறிக்கை மூன்று மொழியில்.
ஆங்கிலம் ஜூனிலேயே முடிந்துவிட்டது.
சிங்களம் வெளியீட்டு நாளன்று அச்சகத்தில் ஈரமாக இருக்கும்.
தமிழ் வந்துகொண்டிருக்கிறது என்பார்கள்.
அந்த வந்துகொண்டிருப்பது நான்தான்.

ஒரு சொல்லில் மூன்று நாள் நின்றேன்.
கம்பனிக்குப் பின்னால் கம்பனி,
அதற்கும் பின்னால் ஒரு தபால்பெட்டி,
எல்லாவற்றுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளை
தமிழில் என்னவென்று எழுதுவது?
சுற்றறிக்கை ஒன்று "பயனுறு உடைமையாளர்" என்கிறது.
வாசித்தால் யாரோ நல்லவர் போலிருக்கிறது.
கடைசிக் கவளம் எந்த வாய்க்குப் போகிறது
என்று நேராகக் கேட்டால் என்ன?
டில்ருக்‌ஷி சிரித்தார்:
"நிதி தருபவர்களுக்கு விளங்காது."
தமிழ் அவர்களுக்கு எப்படியும் விளங்காது என்று
நான் சொல்லவில்லை.

கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் வரிசை.
கட்டணம் கட்டி நான்கு கோப்பு எடுத்தேன்.
பதினொரு கிலோமீட்டர் வீதி ஒப்பந்தம்,
அதில் ஏழு கிலோமீட்டர் வரைபடத்தில் மட்டும்.
நான்கு கோப்பிலும் ஒரே பணிப்பாளர்:
அருளப்பு சந்தியாப்பிள்ளை, ஜெம்பட்டா வீதி.
ஒவ்வொரு கையெழுத்தும் ஒவ்வொரு மாதிரி நடுங்கியிருந்தது.

சனிக்கிழமை தேடிப் போனேன்.
வீட்டில் இல்லை. நாலாம் குறுக்குத் தெருவில் பாருங்கள் என்றார்கள்.
பருப்பு மூட்டை ஏற்றிய வண்டிக்கு முன்னால்
கழுத்தில் துவாயோடு ஒரு நாட்டாமி.
நான்கு கம்பனிகளின் பணிப்பாளர்
"பக்கம், பக்கம்" என்று கத்திக்கொண்டு வந்தார்.

"சைன் பண்ணிக் குடுத்தன் மகள்.
ஐ.சி. கொப்பி எடுத்தாங்க. ரெண்டாயிரம் தந்தாங்க.
ஏதோ லோனுக்குன்னாங்க."
கொஞ்சம் யோசித்தார்.
"டிரெக்டர்னா சம்பளம் இருக்கணுமே?"
இல்லை அங்கிள், எனக்கும் இல்லை என்றேன்.
"அப்ப நீங்களும் டிரெக்டரா?"

இருவரும் சிரித்தோம். பின்னால் நின்ற லொறி ஹோர்ன் அடித்தது.

திங்கட்கிழமை டில்ருக்‌ஷி பொறுமையாகச் சொன்னார்.
அது பொது ஆவணம்.
பெயர் இல்லாத அறிக்கை பத்திரிகையில் ஏறாது.
ஒருவருக்காக விட்டால் எல்லாருக்காகவும் விட வேண்டும்.
எல்லாம் சரிதான்.
என் விண்ணப்பக் கடிதத்திலும்
ஊழலுக்கு வெளிச்சமே மருந்து என்று எழுதியிருந்தேன்.
புறக்கோட்டைக்கு அன்றைக்கு நான் போயிருக்கவில்லை.
அங்கே நண்பகல் வெயில்
மூட்டைக்குச் சொந்தக்காரன்மேல் விழுவதில்லை.

நாற்பத்தோராம் பக்கத்தில் அவர் பெயர் வந்தது.
ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிழையோடு.

வெளியீடு கடலோர ஹோட்டலில்.
குளிரூட்டி, சிறு கேக், முன்வரிசையில் தூதரகங்கள்.
எனக்குச் சான்றிதழ் தந்தார்கள்,
அடுத்த வேலைக்குச் சிபாரிசுக் கடிதமும்.
ஜெனீவாவில் ஓர் இடம் இருக்கிறதாம்.
அதுவும் ஆறு மாதம். அதுவும் சம்பளம் இல்லாமல்.

தமிழ்ப் பதிப்பு மூன்று வாரம் பிந்தி வந்தது.
அலுவலகத்தில் அதைச் சரிபார்க்க
என்னைத் தவிர ஆளில்லை.
நாற்பத்தோராம் பக்கத்தின் அடியில்,
மற்ற இரண்டு மொழியிலும் இல்லாத
அறுபத்து மூன்றாம் குறிப்பு, சின்ன எழுத்தில்:

இவர் உரிமையாளர் அல்லர்.
இரண்டாயிரம் ரூபா தவிர எதுவும் பெற்றிலர்.
இவரைத் தேடி வருவோர்
வண்டிக்கு வழிவிட்டு நிற்கவும்.